இடது கைக்கு ஒரு பிடி

துப்பாக்கி வந்த அன்று வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். கூரியர்காரர் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், மிக்ஸியா?" என்று கேட்டார். "ஆமா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்ல வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. லைசென்ஸ் தேவைப்படாத, காற்றழுத்தத்தில் சுடும் போட்டித் துப்பாக்கி அது; பில் என் பெயரில்தான் இருந்தது. ஆனால் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணிக்கு எதற்குத் துப்பாக்கி என்று வாசலில் நின்று விளக்க அலுப்பாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு பக்கத்துச் சொந்தங்களுக்கும் விளக்கி முடித்த களைப்பு.

செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. வீடு கல்பாக்கத்துக்குப் பக்கத்தில். வீட்டுக்காரர் அங்கே ஊழியர் பஸ் ஓட்டுகிறார். கேளம்பாக்கத்தில் என் தங்கை குடியிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போகும் வழியில், ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் மழை கொட்டியது. ஒதுங்க இடம் தேடி ஒரு மெத்தைக் கடையின் மாடிப்படியில் ஏறினேன். மேலே துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடம். "சும்மா ஒரு தடவை சுட்டுப் பாருங்க" என்றார் அங்கிருந்த கோச். வேலை இடத்தில் நாள் முழுக்க, "மூச்ச இழுத்துப் புடிங்க, அசையாதீங்க, விடுங்க" என்று ஊராரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக அதை எனக்கே சொல்லிக்கொண்டேன். குண்டு போய் அட்டையில் பட்ட சத்தம் கேட்டது. மழை விட்டது தெரியவில்லை. தங்கை மூன்று முறை போன் செய்திருந்தாள்.

அப்படி ஆரம்பித்து, ஞாயிறு தவறாமல் போய், கூடத்தின் பொதுத் துப்பாக்கியில் சுட்டுச் சுட்டு, கடைசியில் சொந்தமாக ஒன்று வாங்குமளவுக்கு வந்து நின்றேன். மாநிலப் போட்டிக்குப் பெயரும் கொடுத்தாகிவிட்டது. பெட்டியைத் திறந்தேன். கறுப்பும் வெள்ளியுமாகக் கண்ணைப் பறித்தது. எடுத்துப் பிடித்தேன். அதாவது, பிடிக்கப் பார்த்தேன்.

நான் இடது கைக்காரி. பள்ளிக்கூடத்தில் அடித்து மாற்றிய வகையில் எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கையால்தான். மற்றபடி கதவு திறப்பது, கொசு அடிப்பது, கோபத்தில் கையை ஓங்குவது எல்லாம் இடது. போட்டித் துப்பாக்கியின் பிடி சாதாரணக் கைப்பிடி மாதிரி இருக்காது. விரல்களுக்கு ஒரு பள்ளம், உள்ளங்கைக்கு ஒரு மேடு, அடியில் கை உட்கார ஒரு திட்டு என்று கைக்கு அச்சு எடுத்தாற்போல மரத்தில் செதுக்கியிருக்கும். கூடத்துப் பொதுத் துப்பாக்கியின் பிடி இரண்டு கைக்கும் பொதுவாக இருந்ததால் ஆர்டர் போடும்போது இதை யோசிக்கவில்லை; எனக்கு வந்தது வலது கைக்கானது. இடது கையில் அதைப் பிடிப்பது, வலது செருப்பை இடது காலில் மாட்டிக்கொண்டு திருப்பதி மலை ஏறுவது மாதிரி.

விற்பனையாளருக்கு போன் செய்தேன். "இடது கைப் பிடி வெளிநாட்டுலேந்து வரணும் மேடம். ஆர்டர் போட்டா ஆறு மாசம் ஆவும்" என்றார். போட்டி அதற்கு ரொம்ப முன்பே வந்துவிடும். கோச்சிடம் கேட்டேன். "நல்ல துப்பாக்கி மெக்கானிக்கா பாத்து, உங்க கைக்குச் செதுக்கச் சொல்லுங்க" என்றார், நல்ல டெய்லராகப் பார்த்து ஜாக்கெட் தைக்கச் சொல்வது போல.

அந்த மெக்கானிக் எங்கே இருக்கிறார் என்பதுதான் கேள்வி. போனில் 'கன் ரிப்பேர்' என்று தேடினேன். கேளம்பாக்கத்திலேயே ஒரு கடை காட்டியது. சந்தோஷமாகக் கூப்பிட்டேன்.

"கன்னுதான பண்றோம் மேடம். எது, மசாஜ் கன்னா, க்ளூ கன்னா?"

"பிஸ்டல்."

மறுமுனையில் பக்கத்திலிருந்த யாரிடமோ மெதுவாக ஏதோ கேட்டார். பிறகு, "ராங் நம்பர் மேடம்" என்று வைத்துவிட்டார்.

வழி சொன்னது என் வீட்டுக்காரரின் பஸ்ஸில் வரும் ஒருவர். அவருடைய மாமனார் உள்ளடங்கிய ஒரு கிராமத்தில் விவசாயி. காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர். அதைப் பழுது பார்ப்பது செங்கல்பட்டு பழைய கடைத்தெருவில் ஒருவர் என்றார். நான் தினமும் டீ குடிக்கும் கடையிலிருந்து கூப்பிடு தூரம். மறுநாள் மதியம் போனேன். ஷட்டர் மூடியிருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம் கேட்டேன்.

"எலெக்ஷன் வந்துடுச்சில்ல யக்கா. துப்பாக்கி எல்லாத்தையும் ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டாங்க. ரிப்பேர் பண்ண ஒண்ணும் இல்லாம அவரு மாமியா வூட்டுக்குப் போய்க்கீறாரு. ஓட்டு எண்ற வரைக்கும் வரமாட்டாரு."

"மாமியா வூடு எங்க?"

"மாமல்லபுரத்துக்கு அந்தாண்ட, கடலோரத்துல ஒரு குப்பம். நம்பர் தரவா? பேசறதுக்கு ஆள் கெடச்சா சந்தோஷப்படுவாரு."

அடுத்த ஞாயிறு நானும் வீட்டுக்காரரும் ஸ்கூட்டரில் போனோம். ஆள் ஐம்பதைத் தொட்டவர். நல்ல உயரம், முறம் மாதிரிக் கைகள். மணலில் நாற்காலி போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வந்த இடத்தில் அவர் படும் பாட்டை முதலில் சொல்லி முடித்தார்.

"காத்தால மீனு, மத்தியானம் மீனு, ராவுல மீனு. வேலை வெட்டி இல்லாம எத்தினி நாளுக்கு மா அலைய எண்ணிகினு இருக்கறது? செம பேஜாரு. எங்க, காமி."

பெட்டியைத் திறந்ததும் அவர் முகம் மாறியது. வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மூக்கருகே வைத்து முகர்ந்துகூடப் பார்த்தார்.

"மருந்து வாசனையே இல்லியே?"

"காத்துலதான் சுடும் ணா. சிலிண்டர்ல காத்து அடைக்கணும்."

"அப்ப இது சைக்கிள் பம்பு!" என்று சிரித்தார். ஆனால் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. இரட்டைக் குழலுக்குக் கட்டை மாற்றியிருக்கிறாராம்; ஒரு ஜமீன் வாரிசின் துப்பாக்கிக்கு யாளி முகம் செதுக்கியிருக்கிறாராம். போட்டித் துப்பாக்கியைத் தொடுவது இதுதான் முதல் தடவை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது. ஸ்க்ரூவைக் கழற்றிப் பிடியைத் தனியே எடுத்துக்கொண்டார்.

"இதை மட்டும் வுட்டுட்டுப் போ. துப்பாக்கி எங்கிட்ட வாணாம், எலெக்ஷன் டைமு. இதை அப்டியே கண்ணாடியில பாத்தா மாதிரி திருப்பிச் செய்யணும், அவ்ளோதானே? சிற்பக் கடைத் தெருவுல வாகை மரத்துண்டு வாங்கிடறேன். யானை செய்யறதுக்கு வெச்சிருப்பான். வாகை மா! நீ ஜெயிச்சா மாதிரிதான்."

"இவ கையில அளவு எடுக்க வாணாமா?" என்று என் வீட்டுக்காரர் என்னைக் காட்டிக் கேட்டார்.

"கண்ணாலயே எடுத்துட்டேன்" என்றார்.

அவர் போன் செய்தபோது மறுபடி போனோம். பிடி அற்புதமாக இருந்தது. தேன் நிறத்தில், எண்ணெய் தேய்த்து, ரேகைகள் அலை அலையாக ஓட, அவருடைய மாமியார் அதைச் சாமி அலமாரியில் வைத்திருந்தார். துப்பாக்கிக்காரர் அதை எடுத்துத் துப்பாக்கியில் பூட்டி என் கையில் கொடுத்தார். பிடித்தேன். என் ஆள்காட்டி விரல் ட்ரிகருக்கு எட்டவில்லை. பக்கத்தில்கூடப் போகவில்லை. சின்ன வயதில் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டால் கை சட்டைக்குள்ளேயே காணாமல் போகுமே, அப்படி.

"நல்லா நீட்டிப் புடி மா."

"நீட்டிதான் ணா புடிச்சிகினு இருக்கேன்."

அவர் வாங்கி, தன் இடது கையில் பிடித்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. கண்ணால் எடுத்த அளவு அவர் கையினுடையது. அடுப்பங்கரையிலிருந்து மாமியார்தான் குரல் கொடுத்தார்: "நான் அன்னிக்கே சொன்னேன், பொம்பள கைக்கு இது இன்னாத்துக்கு இம்மாம் பெருசுன்னு. எம் பேச்சை யாரு கேக்கறாங்க?"

எனக்கு உள்ளுக்குள் அழுகை முட்டியது. போட்டிக்கு அதிக நாள் இல்லை. பொதுத் துப்பாக்கியிலேயே சுட்டுவிட்டு வந்துவிடலாம், புதியதை ஆறு மாதம் பெட்டியிலேயே தூங்கப் போடலாம் என்று வரும் வழியெல்லாம் வீட்டுக்காரரின் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "பஸ் பாடி கட்றவன் ஒரு தடவையிலயா கட்றான்? பட்டி வெச்சுத் தேய்ச்சு, திரும்பவும் பட்டி வெச்சுத் தேய்ச்சுதான் நேராவும். பொறு" என்றார். அவருக்கு உலகத்தில் எல்லாமே பஸ்தான்.

ஆனால் அந்தப் பேச்சைத் துப்பாக்கிக்காரரிடமும் போனில் சொல்லியிருக்கிறார் போல. மறுநாள் காலை எனக்கு அழைப்பு வந்தது.

"தங்கச்சி, கோச்சுக்காத. மரத்தைக் கொறைச்சுடறேன். கொறைச்ச எடத்துல பட்டி வெச்சு ஒன் கைக்கு ஏத்தா மாதிரி ஏத்திக்கலாம். ஆனா ஒன் கை அச்சு வோணும். கோதுமை மாவுல உப்புப் போட்டு கெட்டியா பெசஞ்சு, துப்பாக்கி புடிக்கிறா மாதிரி கையை நீட்டிகினு நின்னு புடி. அதை அப்டியே நசுங்காம எடுத்துகினு வா."

அடுத்த ஞாயிறு காலை மாவு பிசைந்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "நாஸ்தாவுக்குச் சப்பாத்தியா?" என்றார். கூடத்தில் கையை நீட்டி, கண்ணை இடுக்கி, மூச்சைப் பிடித்து, மாவுருண்டையை அழுத்தி நின்றேன். ஐந்து விரலும் உள்ளங்கையும் சுத்தமாகப் பதிந்தன. அதை டிபன் பாக்ஸில் வைத்து மூடினேன். பிடியில்லாத துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து ஸ்கூட்டர் டிக்கியில் போட்டோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேர்தல் பறக்கும் படை நின்றிருந்தது. ஓர் அதிகாரி, ஒரு பெண் போலீஸ், கேமராவோடு ஒரு வீடியோக்காரர். எங்களை ஓரங்கட்டினார்கள்.

"டிக்கியில என்ன இருக்கு?" என்றார் அதிகாரி. பணம் இருக்கிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

"துப்பாக்கி சார்" என்றார் என் வீட்டுக்காரர். அந்த நேரத்தில் அவர் அவ்வளவு நேர்மையாக இருந்திருக்க வேண்டாம்.

கேமரா சட்டென்று எங்கள் பக்கம் திரும்பியது. பெண் போலீஸ் ஓரடி பின்வாங்கினார். நான் அவசர அவசரமாக, "காத்துத் துப்பாக்கி சார், போட்டிக்கு, பில் இருக்கு" என்று பையைத் துழாவினேன். அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். குழாயும் சிலிண்டரும் ட்ரிகருமாக, பிடி மட்டும் இல்லாமல் கிடந்தது. பார்க்க உண்மையிலேயே சதிவேலை போலத்தான் இருந்தது.

"இதோட பிடி எங்க?"

"மாமல்லபுரத்துக்கு அந்தாண்ட குப்பத்துல கீது சார்" என்றார் வீட்டுக்காரர்.

"அங்க எதுக்கு?"

"சின்னது பண்ண வுட்டுக்கீறோம்."

அதிகாரி அவரை ஒரு நிமிடம் பார்த்தார். "அந்த டப்பாவுல?"

"மாவு சார்."

டிபன் பாக்ஸைத் திறந்தார். வீடியோக்காரர் குனிந்து கிட்டத்தில் எடுத்தார். பணக்கட்டை எதிர்பார்த்த கண்களுக்கு முன்னால், யாரோ ஆத்திரத்தில் கழுத்தை நெரித்தது போல விரல் பதிந்த ஒரு மாவுருண்டை. நான் பில்லைக் கண்டுபிடித்து நீட்டினேன். லைசென்ஸ் தேவையில்லாத வகை என்று அதில் அச்சிட்டிருந்தது. அதிகாரி அதை இரண்டு தரம் படித்தார். யாருக்கோ போன் செய்து விவரம் கேட்டார். அந்த நேரத்தில் பெண் போலீஸ் என்னிடம் மெல்ல, "இது யாரு கை?" என்று கேட்டார்.

என் இடது கையை மாவின் மேல் வைத்துக் காட்டினேன். பொருந்தியது. அவர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்களையும் வருஷத்துக்கு ஒருவாட்டி சுடச் சொல்றாங்க மேடம். அந்தப் பிடி என் கைக்கு எட்டவே எட்டாது. எல்லாம் ஆம்பளைங்க கைக்குச் செஞ்சது. அதைச் செதுக்கி மாத்தவும் கூடாது" என்று சொல்லிவிட்டு, தன் கையையும் மாவின் மேல் லேசாக வைத்துப் பார்த்தார். என் கையைவிட அவருடையது சின்னது.

அதிகாரி போனை வைத்துவிட்டு, "போங்க. ஆனா வோட்டு முடியற வரைக்கும் பில்லைக் கையிலயே வெச்சிக்குங்க" என்றார். கிளம்பும்போது வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "அடுத்த தடவை யாராவது கேட்டா முதல்ல விளையாட்டுச் சாமான்னு சொல்லுங்க. துப்பாக்கின்னு ஆரம்பிக்காதீங்க" என்று புத்திமதியும் சொல்லி அனுப்பினார்.

அன்று பகல் முழுவதும் அந்தக் குப்பத்தில்தான் இருந்தோம். துப்பாக்கிக்காரர் மாவு அச்சை எதிரில் வைத்துக்கொண்டு அரத்தால் ராவினார். ராவுவார், என்னைப் பிடிக்கச் சொல்வார், பிடித்த இடத்தில் பென்சிலால் கோடு போடுவார், மறுபடி ராவுவார். குறைந்த இடங்களில் தண்ணீர்க் குழாய் ஒழுகினால் அடைப்பார்களே, அந்தப் பசையை மரத்தூளோடு குழைத்து வைத்தார். அதை எந்த அளவுக்குக் காயவிட வேண்டும் என்பதில் அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் பெரிய வாக்குவாதம். மாமியார் வஞ்சிர மீன் வறுத்துப் போட்டார். எனக்கு அது தேவாமிர்தமாக இருந்தது. துப்பாக்கிக்காரர் மட்டும் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வெயில் சாய்ந்த பிறகு பூட்டிக் கொடுத்தார். தேன் நிற மரத்தில் இப்போது சாம்பல் நிறத் திட்டுகள். அழகெல்லாம் போய்விட்டது. எழுந்து நின்று கடலைப் பார்த்துக் கையை நீட்டினேன். விரல்கள் தாமாகப் போய் அந்தந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தன. நான் எதையும் பிடித்துக்கொண்டிருப்பதாகவே தோன்றவில்லை. கை கொஞ்சம் நீளமாகிவிட்டது, அவ்வளவுதான். எத்தனையோ வருஷமாக மற்றவர்களுக்காகச் செய்த கத்தரிக்கோலையும் கரண்டியையும் டப்பா மூடியையும் மல்லுக்கட்டித் திறந்து பழகிய கை.

"இன்னா மா, எட்டுதா?" என்றார் அவர்.

தலையை மட்டும் ஆட்டினேன்.

போட்டிக்கு அவரும் வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தார். மாமியார் வீட்டிலிருந்து ஒரு நாள் தப்பிக்க வழி. ஜரிகை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, கல்யாணத்துக்கு வருவது போல, கையில் ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினார். சுடுவதற்கு முன் துப்பாக்கியைச் சோதிப்பார்கள். ஓர் அளவுப் பெட்டி வைத்திருப்பார்கள்; துப்பாக்கி அதற்குள் அடங்க வேண்டும். என்னுடையதை வைத்தார்கள். மூடி மூடவில்லை. உள்ளங்கைத் திட்டு ஓர் ஓரத்தில் இடித்தது.

"அகலம் அதிகம். சரிபண்ணி எடுத்துட்டு வாங்க, இல்லைன்னா இதுல சுட முடியாது" என்றார் சோதனையாளர்.

என் முறை வர அதிக நேரம் இல்லை. துப்பாக்கிக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. துணிப்பையிலிருந்து அரத்தை எடுத்தார். வெளியே வேப்பமரத்தடியில் குந்தி, புது வேட்டியில் தூள் கொட்டக் கொட்ட ராவினார். வீட்டுக்காரர் உப்புத்தாளால் தேய்த்தார். நான் நடுவில் நின்று, "போதும் ணா, போதும் ணா" என்று புலம்பிக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை மூடி மூடியது. சோதனையாளர் ஸ்டிக்கர் ஒட்டினார். துப்பாக்கிக்காரர் அவரிடம், "நீங்க மொதல்லயே அந்தப் பொட்டியக் காட்டியிருந்தா நான் அதுக்கேத்தா மாதிரி செஞ்சிருப்பேன்" என்று குறைபட்டுக்கொண்டார்.

முதல் சில குண்டுகள் எங்கெங்கோ போயின. பின்னால் வீட்டுக்காரர் ஒவ்வொரு குண்டுக்கும் கை தட்டப் போக, கோச் அவர் கையைப் பிடித்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மூச்சை இழுத்துப் பிடி, அசையாதே, விடு. மெல்ல மெல்ல உள்வட்டம் அகப்பட ஆரம்பித்தது. முடிவில் பதக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. பட்டியலில் நடுவில் எங்கோ இருந்தேன். ஆனால் அடுத்த கட்டப் போட்டிக்குத் தேவையான புள்ளியை மயிரிழையில் தாண்டியிருந்தேன். திரையைப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் படித்தேனா என்று கோச்சிடம் இரண்டு முறை கேட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் துப்பாக்கிக்காரரைக் காணவில்லை. தேடிப் போனால், வேப்பமரத்தடியில் இரண்டு இடது கைப் பையன்களும் ரயில்வே அணிக்காகச் சுட வந்த ஓர் அம்மாவும் அவரைச் சூழ்ந்திருந்தார்கள். அவர் தம் கைகளை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார்: "கண்ணால எல்லாம் அளவு எடுக்கக் கூடாது. அதெல்லாம் தப்பு. மாவு பெசஞ்சுகினு வாங்க."

வாக்கு எண்ணிக்கை முடிந்து, துப்பாக்கிகள் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்து, செங்கல்பட்டுக் கடையின் ஷட்டர் திறந்துவிட்டது. டீ குடிக்கப் போகும்போது பார்க்கிறேன், கூட்டமாகத்தான் இருக்கிறது. என்னுடைய பிடியில் கட்டைவிரலுக்குக் கீழே ஓரிடம் இன்னும் லேசாக உறுத்துகிறது. மதிய இடைவேளையில் ஒரு நாள் எடுத்துப்போய்க் கொஞ்சம் ராவச் சொல்ல வேண்டும்.